சண்டை நிலைகள் (சாமுராய் மேசை ஆட்டம்)

சாமுராய் வீரர்களாக வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டங்களில், தன் முறை வரும்போது வீரன் எப்படிப் போரிடப் போகிறான் என்பதைக் குறிக்கும் தேர்வே நிலை. இவ்வகையில் பெயர்பெற்றது ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’. ஆல்டெராக் நிறுவனம் 1997இல் இதை வெளியிட்டது. ஜப்பானிய வாள்வீரர் மியமோட்டோ முசாஷி 1645 வாக்கில் எழுதி முடித்த ‘ஐந்து வளையங்களின் நூல்’ இந்த ஆட்டத்தின் பெயருக்கு மூலம். முசாஷியும் மேல், நடு, கீழ், வலம், இடம் என ஐந்து வாள்நிலைகளைச் சொல்லி, நடுநிலையையே அடிப்படையாகக் கொண்டார்.

2010இல் வந்த நான்காம் பதிப்பில் ஐந்து நிலைகள் உண்டு: தாக்குதல், முழுத் தாக்குதல், தற்காப்பு, முழுத் தற்காப்பு, மையம். சாதாரணத் தாக்குதலில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. முழுத் தாக்குதலில் இரண்டு பகடைகள் கூடுதலாக உருட்டலாம், அவற்றில் ஒன்றைக் கூடுதலாகக் கணக்கில் சேர்க்கலாம். பதிலுக்கு, எதிராளி தன்னைத் தாக்க எட்டவேண்டிய காப்பு எண்ணில் 10 போய்விடும். ஆறு பகடை உருட்டி மூன்றைக் கூட்டுபவர் எட்டு உருட்டி நான்கைக் கூட்டினால், சராசரி ஏறக்குறைய 10 ஏறும். பத்துக்குப் பத்து, சரிக்குச் சரி.

கணக்கு தாளில்தான் நேராக நிற்கிறது. காயம்பட்டவனுக்கு எட்டவேண்டிய இலக்கு எண் 3, 5, 10 என ஏறிக்கொண்டே போகும். முதல் வெட்டை வாங்கியவன் மீள்வது கடினம். அதனால் முந்திக்கொள்பவனுக்கு முழுத் தாக்குதல் மலிவாகிவிடுகிறது. மூன்றாம், நான்காம் படிநிலைகளில் பல போர்ப்பள்ளிகள் ஒரே முறையில் இரண்டு வெட்டுகளுக்கு இடம் தரும்போது சிக்கல் இன்னும் பெருகும். தற்காப்பு நிலையில் இருப்பவனோ அடிக்கவே முடியாது. மைய நிலைக்காரன் ஒரு முறையைச் சும்மா கழித்து, அடுத்த முறைக்கு வலுச் சேர்க்கிறான்.

தற்காத்தால் அடிக்கக் கூடாது என்ற இந்த விதி சிலம்பம் பழகியவர்களுக்கு ஒட்டாது. ரப்பர் காலத்தில் தொழிலாளர்களோடு மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த அந்தக் கலையில் கம்பின் சுற்றே காப்பு; அதே சுற்று காலடி மாறியதும் வீச்சாகிவிடும். ஆனால் மேசையில் காலடி கிடையாது. நிலைக்கு ஒரு விலை வைக்காவிட்டால் எல்லோரும் ஒன்றையே தேர்ந்தெடுப்பார்கள். எனவே விதி செயற்கையானாலும் தேவையானது என்றே கொள்ளலாம்.

விலையே இல்லாத வலிமை என்ன செய்யும் என்பதற்கு மலாக்காவின் ஹங் துவா காப்பியமே சான்று. தாமிங் சாரி என்னும் மந்திரக் கெரிஸ் (குத்துவாள்) கையில் இருக்கும்வரை, ஹங் துவாவின் எதிராளியான ஹங் ஜெபாட்டை வெட்டி வீழ்த்த முடியாது. ஹங் துவாவுக்கு மிஞ்சிய வழி, தந்திரத்தால் கெரிஸைக் கைப்பற்றுவதுதான். கதைக்கு அது அருமையான திருப்பம். ஆட்டத்தில் அப்படி ஓர் ஆயுதம் இருந்தால் மற்ற நிலைகள் எல்லாம் வெறும் அலங்காரம்.

2018இல் ஃபேன்டசி ஃப்ளைட் நிறுவனம் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு, நிலைகளைக் காற்று, நிலம், தீ, நீர், வெளி என்ற ஐந்து வளையங்களோடு இணைத்தது. காற்றில் நிற்பவனைத் தாக்குவது கடினம். நிலத்தில் நிற்பவன்மீது, பகடையில் விழும் வாய்ப்புக் குறிகளைச் செலவிட்டுக் கடுங்காயம் உண்டாக்க முடியாது. தீயில் மனக்கொந்தளிப்பே கூடுதல் வெற்றியாகிறது. வெளியில் அந்தக் கொந்தளிப்பு ஒட்டுவதில்லை. நீர் இன்னொரு செயலைத் தருகிறது, ஆனால் அது பகடை உருட்டத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். இரட்டை வெட்டுக்கு இங்கே கதவடைப்பு.