அண்டத்திற்கு வெளியே ஓர் இடம் உண்டோ?

போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலமலைச் சரிவின் அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது குரங்கணி. அங்கே பிறந்து வளர்ந்தவர், ஊரில் நின்றவாறே தம் ஊரின் வடிவத்தைக் காண இயலாது. எப்பக்கம் திரும்பினும் மலையே மறைக்கும். மேலே டாப் ஸ்டேஷன் வரை ஏறியவருக்கே பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளங்கையில் வைத்தாற்போல் தெரியும். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் சிறு இரயிலில் அவ்வுச்சிக்கு வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கியது. மேலே இருந்த அந்நிலையமே ஊருக்குப் பெயராயிற்று. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அழித்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒன்றை முழுமையாகக் காண வேண்டுமாயின் அதைவிட்டு வெளியேறி நிற்க வேண்டும் என்பதே நம் அன்றாட அறிவு. ஆனால் காண வேண்டிய பொருள் அண்டமாகவே இருப்பின், நாம் எங்கே போய் நிற்பது?

இக்கேள்வி மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிட்டாஸ், உலகின் விளிம்பில் நிற்கும் ஒருவன் தன் கைக்கோலை வெளியே நீட்ட முடியுமா என்று கேட்டார். நீட்ட முடிந்தால் அங்கே இடம் உண்டு. முடியாவிட்டால் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. எவ்வாறாயினும் விளிம்பு விளிம்பாக இராது என்பது அவர் வாதம். அரிஸ்டாட்டிலோ, வானகத்திற்கு அப்பால் இடமுமில்லை, வெறுமையுமில்லை, காலமுமில்லை என்றார்.

நம் புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகர்' என்னும் நூலின் பதினோராம் பகுதியில் இதனைத் தொட்டுப் பேசுகிறார். இறைவன் உலகை ஏன் இதற்கு முன்பே படைக்கவில்லை என்று சிலர் கேட்டனர். அப்படியானால் ஏன் வேறிடத்தில் படைக்கவில்லை என்றும் கேளுங்கள் என்பது அவரது மறுமொழி. உலகிற்கு வெளியே இடமில்லை. அதுபோல உலகிற்கு முன்னே காலமில்லை. படைப்போடு சேர்ந்தே காலமும் படைக்கப்பட்டது. பின்னர் 1440-இல் கூசா நகர நிக்கோலாஸ், பிற்காலத்தில் கர்தினாலானவர், அண்டத்தில் எவ்விடத்தில் நிற்பவனுக்கும் தான் நடுவில் நிற்பதாகவே தோன்றும் என்று எழுதினார். தொலைநோக்கி பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுந்த கருத்து இது.

அறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்க, அருளாளர்கள் வேறு வகையில் கண்டார்கள். தமிழில் 'அண்டம்' என்னும் சொல்லுக்கு முட்டை என்பதும் பொருள். முட்டையை முட்டையென்று சொல்ல, அதன் ஓட்டுக்கு வெளியேயல்லவா நிற்க வேண்டும்? இச்சொல்லிலேயே வெளியிலிருந்து நோக்கும் ஒரு பார்வை ஒளிந்திருக்கிறது. மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில், கோடிக்கணக்கான அண்டங்களும் இறைவனின் பெருமைக்கு முன், வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்தூசிகளை ஒப்பன என்று பாடினார். ஐரோப்பாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறவியான புனித ஹில்டெகார்டு தம் காட்சியொன்றில் அண்டத்தை முட்டை வடிவில் கண்டார். 1373-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஜூலியன் அம்மையார், படைக்கப்பட்டவை அனைத்தும் தம் உள்ளங்கையில் ஒரு சிறு கொட்டையளவாக இருக்கக் கண்டார். நம் மலையகத்தார் ஏலக்காயைவிடச் சற்றே பெரிது என்று கொள்ளலாம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர், நள்ளிரவில் சன்னலருகே செபித்தபோது, உலகம் முழுவதும் ஒரே ஒளிக்கதிரில் திரண்டு நிற்கக் கண்டாராம். அதனை எழுதிவைத்த திருத்தந்தை பெரிய கிரகோரியார் தரும் விளக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. விண்ணும் மண்ணும் சுருங்கிவிடவில்லை. கண்டவரின் உள்ளமே விரிந்தது என்கிறார் அவர். வெளியே போனதால் அன்று, உள்ளம் விரிந்ததால் கண்டார் என்பதே இதன் உட்கருத்து.

அறிவியலும் தன் வழியே இதே உண்மையின் அருகில் வந்து நிற்கிறது. நம் தமிழ் மண்ணிலிருந்து வானை அளந்தவர்களில் இயேசு சபைக் குருக்களும் உண்டு. 1689 திசம்பரில் புதுச்சேரியில் வால்விண்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்த அருட்தந்தை ரிஷோ, ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டறிந்தார். பெல்ஜிய நாட்டுக் குரு ஜார்ஜ் லெமைத்ர், அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் கணித்துக் கூறினார். அது அணுவொத்த தொடக்கநிலையிலிருந்து பிறந்தது என்று 1931-இல் எழுதினார்.

எதற்குள் விரிகிறது என்று நாம் கேட்கத் துடிக்கிறோம். ஊதப்படும் பலூனை உவமை காட்டுவர். அதன் மேலிட்ட புள்ளிகள் ஒன்றையொன்று விட்டு விலகும், எப்புள்ளியும் நடுவன்று. உவமை அம்மட்டே பொருந்தும். பலூனுக்கு வெளியே அறை உண்டு. அண்டத்தின் விரிவை விளக்க அத்தகைய வெளி எதுவும் தேவைப்படவில்லை. இடமே விரிகிறது.

நூல்களில் அண்டத்தின் படமென்று நீலமும் செம்மஞ்சளும் புள்ளியிட்ட முட்டை வடிவம் ஒன்றைக் காண்கிறோம். வெளியிலிருந்து எடுத்த படமென்று பலர் மயங்குவதுண்டு. 1965-இல் அறியப்பட்ட பழம்பேரொளியின் எச்சத்தை, பிளாங்க் என்னும் விண்கலம் 2009 முதல் 2013 வரை அளந்து தந்த வரைபடம் அது. நாம் உள்ளே நின்று சுற்றிலும் காணும் வானத்தை, பூவுலகை ஏட்டில் விரிப்பதுபோல் தட்டையாக்கி வரைந்திருக்கிறார்கள். 1380 கோடி ஆண்டு வயதுடைய அண்டத்தை வெளியிலிருந்து கண்டவர் ஒருவருமில்லை. அவ்வளவு ஏன், நாம் வாழும் பால்வீதிக்கே வெளியிலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம், ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களை உள்ளிருந்தே அளந்து அதன் வடிவைக் காட்டியது.

இங்கே ஒரு சோதனையும் உண்டு. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அண்டத்திற்குத் தொடக்கம் உண்டென்னும் அறிவியல் முடிவு படைப்பின் உண்மைக்குச் சான்று பகர்வதாக உரையாற்றினார். மகிழ வேண்டிய லெமைத்ர் மனம் கலங்கினார். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது. அதை நம்புவோரும் நம்பாதோரும் ஏற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. இன்றைய கணிதத்தின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், நாளை கணிதம் மாறும்போது விசுவாசமும் சரியுமன்றோ? குருவான அவர் இறைவனை அண்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு பொருளாகத் தேடவில்லை.

நம் மலையும் இவ்வரலாற்றில் பங்குகொள்ள அழைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாய் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், 1965-இல் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடம் பதிவாயிற்று. பின்னர் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறையின் கீழ், 50,000 டன் இரும்பாலான கருவியுடன் ஓர் ஆய்வகம் அமைக்க 2015-இல் நடுவண் அரசு இசைந்தது. நியூட்ரினோ எதையும் ஊடுருவும். பிற கதிர்களை மலை தடுத்துவிடும். விண்ணை அறிய மலையின் வயிற்றுக்குள் இறங்க வேண்டும் என்பது எத்துணை வியப்பு!

ஆயினும் ஊர்மக்கள் நீருக்காகவும் நிலத்திற்காகவும் அஞ்சினர். வழக்குகள் தொடர்ந்தன. புலிகள் நடமாடும் காட்டுவழியைக் காட்டி, தமிழக அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது, ஆய்வகம் எழவில்லை. அறிவியலின் தாகத்தை நாம் இகழவில்லை. அதுவும் இறைவன் தந்த தாகமே. ஆனால் வெளியிலிருந்து நோக்கியவருக்குக் கவசப் பாறையாகத் தெரிந்த மலை, உள்ளே வாழ்பவருக்கு ஊற்றும் மேய்ச்சலும் பிழைப்பும் ஆகும். வரைபடத்தில் இவை எளிதில் தெரிவதில்லை. இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதே நம் ஆதங்கம்.

இறைவன் அண்டத்திற்கு வெளியே உயர்ந்ததோர் மேடையில் அமர்ந்து நம்மை நோக்குகிறார் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அப்படியொரு மேடையே இல்லை என்று அகுஸ்தீனார் அன்றே உணர்த்தினார். நமக்கு நாமே இருப்பதைவிட இறைவன் நமக்கு அண்மையில் இருப்பதாக அவர் கண்டார். வாக்கு மனுவுருவானார் என்று நாம் அறிக்கையிடும்போது, படைத்தவர் படைப்பை உள்ளிருந்து காண வந்தார் என்றே சொல்கிறோம். தச்சுப் பட்டறையின் தூசியையும், ஏழையின் பசியையும், கல்லறையின் இருளையும் அவர் வெளியே நின்று அறியவில்லை.

குரங்கணிச் சரிவில் ஏலக்காய் பறிக்கும் தாய், தான் நிற்கும் மலையின் முழு வடிவைக் கண்டதில்லை. எனினும் அதன் மழையையும் வெயிலையும் மண்ணையும் அவரைப்போல் அறிந்தவர் யார்? அண்டத்தின் நடுவே நம் நிலையும் அதுவே. முழுமையைக் காணவில்லையே என்று வருந்த வேண்டாம். நிற்கும் இடத்தில் உள்ளத்தை விரிக்கும் அருளை வேண்டுவோம்.