குளொஸ்டர்ஷயர் ஓல்டு ஸ்பாட்ஸ்

குளொஸ்டர்ஷயர் ஓல்டு ஸ்பாட்ஸ் என்பது இங்கிலாந்தின் செவெர்ன் ஆற்றை அடுத்த பெர்க்லி பள்ளத்தாக்கில் தோன்றிய பன்றி இனமாகும். வெண்ணிற உடலில் கரும்புள்ளிகளும், கண்களை மறைக்கும் தொங்கு காதுகளும் இதன் அடையாளங்கள். பழத்தோட்டங்களில் உதிரும் ஆப்பிள்களை உண்டு வளர்ந்ததால் பழத்தோட்டப் பன்றி எனவும் அழைக்கப்படுகிறது. ஆப்பிள்கள் முதுகில் விழுந்த காயங்களே புள்ளிகளாயின என்பது நாட்டார் கதை.

இது சாதுவானது, திறந்தவெளியில் வளர்க்க ஏற்றது. எனினும் மண்ணைக் கிளறிப் புல்வெளியைச் சேறாக்கிவிடும் என்பதால் அவ்வப்போது வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது. வெளிர்நிறத் தோல் வெயிலில் புண்படுமாதலால் நிழலும் சேற்றுக்குழியும் இன்றியமையாதவை.

இவ்வினத்துக்கான சங்கம் 1913 இல் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கொட்டிலில் அடைத்து வளர்க்கும் முறை பரவவே, இவ்வினம் அருகியது. சிறு பண்ணையாளர்களே இதனைக் கைவிடாது காத்தனர். இறைச்சி விற்றால்தான் அவர்களால் தொடர்ந்து வளர்க்க இயலும். முரணாகத் தோன்றினும், உண்ணப்படுவதாலேயே இவ்வினம் நிலைத்துள்ளது எனலாம். மரபுமுறையில் வளர்க்கப்பட்ட இதன் இறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது.