ஆங்கிலத் தொடர்வினைகளின் வரலாறு

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல், வினையடையுடனோ முன்னிடைச்சொல்லுடனோ சேர்ந்து தனிப்பொருள் தருமானால் அது தொடர்வினை எனப்படும். ஆங்கில இலக்கண நூல்கள் இதை 'பிரேசல் வெர்ப்' என்கின்றன. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' என்றாலோ கைவிடு.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய துணைச்சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன. 'ஓவர்கம்' (வெற்றிகொள்), 'வித்ஸ்டாண்ட்' (எதிர்த்து நில்) ஆகியவை அவ்வமைப்பின் எச்சங்கள். இடைக்கால ஆங்கிலத்தில் துணைச்சொல் வினைக்குப் பின்னால் வருவது பெருகியது. வைக்கிங்குகள் பேசிய நோர்சு மொழியின் தொடர்பும் இதற்கு ஒரு காரணம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஓங்கியது. பிரெஞ்சு, இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்தன. இதனால் ஒரே பொருளுக்கு இரு சொற்கள் அமைந்தன: நுழைவதற்கு 'கோ இன்', 'என்டர்', தீயை அணைப்பதற்கு 'புட் அவுட்', 'எக்ஸ்டிங்குயிஷ்'. முன்னது வீட்டுப் பேச்சுக்கும் பின்னது அலுவலக எழுத்துக்கும் உரியதாக நிலைத்தது.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், அயல்நாட்டாருக்கு இவையே மிகக் கடினம் என்று கூறி, இவற்றைக் கவனமாகத் தொகுத்ததாகவும் குறிப்பிட்டார். 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயரை, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி சொன்னபடி, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் தம் நூலில் ஆண்டார்.

பெயர் புதிது, வழக்கு பழையது. ஆகவே தொடர்வினைகளைக் கொச்சை என்று மாணவர்கள் ஒதுக்க வேண்டியதில்லை. பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, வாக்கியத்தில் வைத்துப் படித்தால் அவை எளிதில் மனத்தில் நிற்கும்.