ஜவ்வாது மலைக்கு எதுக்கு ஆன்டிஃப்ரீஸ்?

போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறப்போற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது: "தண்ணி உறையவே உறையாத ஊர்ல கூலன்ட் எதுக்கு? பச்சைத் தண்ணி போதாதா?"

இதுக்குப் பதில் இரண்டாம் உலகப்போர் விமானத்துல இருக்கு.

எத்திலீன் கிளைக்காலை வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1850களிலேயே உருவாக்கிட்டார். ஆனா அது கார்களுக்காகக் கடைக்கு வந்தது 1920களின் கடைசியிலதான். அதுக்கு முன்னாடி பனி நாடுகள்ல ஊத்தினது மெத்தனால். 65 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகிடும்.

ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின்ல முதல்ல சுத்த கிளைக்காலையே ஊத்தினாங்க. அதோட கொதிநிலை 197 டிகிரி. சூடா ஓடலாம், ரேடியேட்டர் சின்னதா போதும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கணக்கு உதைக்குது. ஒரு கிலோ தண்ணி ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வாங்கும். கிளைக்கால் வாங்குறது சுமார் 2.4 தான். வெப்பத்தைச் சுமக்குறதுல தண்ணிய அடிச்சிக்க ஆள் இல்ல. அதனால அடுத்து வந்த மெர்லின்கள்ல 70 பங்கு தண்ணி, 30 பங்கு கிளைக்கால், கூடவே அழுத்தம். குக்கர் வெயிட் வேலைதான்.

இதுல நம்ம ஊரும் இருக்கு! 1940ல மெர்லின் இன்ஜின்ல பறந்த பிரிட்டிஷ் விமானப்படையோட 79, 234, 264ஆம் ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னே பேர். இங்க திரட்டின போர் நிதிக்காக வெச்சது. ஜவ்வாது மலை இருந்த வட ஆற்காடும் அந்த மாகாணம்தான். அந்த வசூல் கதை தனி எபிசோடுக்கான சரக்கு.

சரி, மலைக்கு வருவோம். காவலூர் வானாய்வகம் சுமார் 725 மீட்டர் உயரம். அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 97, 98 டிகிரியிலேயே கொதிக்கும். செகண்ட் கியர்ல ஊர்ந்து ஏறும்போது காத்தும் கம்மி. பாதிக்குப் பாதி கலவைன்னா, தரைமட்டத்துல மூடியோட அழுத்தம் இல்லாமலே கொதிநிலை 107 பக்கம் போகும். அது மைனஸ் 37 வரைக்கும் உறையாதுங்கிறது நமக்கு வேலைக்கு ஆகாத போனஸ். நமக்கு முக்கியம், அதுல இருக்கிற துருத் தடுப்பான். போர் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் அடைச்சிக்கும். கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. விகிதம் வண்டி மேனுவல்ல இருக்கும். ரெடி மிக்ஸ்னா அப்படியே ஊத்தணும்.

வழியில சூடாகி நின்னா உடனே மூடியத் திறக்காதீங்க, முகத்துல பீய்ச்சி அடிக்கும். கீழ சிந்தினதை நாய் நக்காம கழுவி விடுங்க. இனிக்கும், ஆனா விஷம்.