கொலுப் பொம்மைகளின் மேக்ரோ ஒளிப்படம்

நவராத்திரிக் கொலுவில் வைக்கும் சிறு பொம்மைகளை வீட்டிலேயே மிக நெருங்கிப் படமெடுக்கும் முறை. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் புரட்டாசி மாதத்தில் இதைக் காணலாம். சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் உண்மை அளவுக்குக் குறையாமல் (1:1) இருப்பதே மேக்ரோ. மற்றவை வெறும் அண்மைப் படங்கள். 10 செ.மீ. உயரச் செட்டியார் பொம்மை முழுதாகச் சட்டகத்தில் அடங்கினால் பிம்பம் கால் அளவுதான். செட்டியாரின் முகம் மட்டும் 36 மி.மீ. அகலச் சென்சாரை நிறைக்கும்போதுதான் மேக்ரோ என்ற பெயர் பொருந்தும்.

வரலாறு

பொருள்களைத் தனியே நிறுத்திப் படமெடுக்கும் பழக்கம் சென்னைக்குப் புதிதன்று. 1850இல் இங்கே ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், ஒளிப்படக்கலை இவ்வூரில் வேர்விடவும் காரணமானவர். 1856இல் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்துத் திரும்பிய பின், 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமாக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்த கற்கள் அவை. பின்னர் லண்டனுக்குப் போய்விட்டன. ஒளி எந்தப் பக்கமிருந்து விழுந்தால் செதுக்கல் எழும்பித் தெரியும் என்பது டிரைப்பின் முன்னும் இருந்திருக்கக்கூடிய கேள்வி. இன்று கொலுப் பொம்மை எடுப்பவரின் கேள்வியும் அதுவே.

மேக்ரோவுக்கான லென்ஸ் ஏறத்தாழ நூறாண்டு கழித்தே வந்தது. 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் மேக்ரோ-கிலார் வெளியானது. அடுத்த ஆண்டு நிக்கான் வெளியிட்ட மைக்ரோ-நிக்கோர், நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் தெளிவாகப் பதிப்பதற்காக உருவானது. பொம்மைக்கு அது பொருந்தியது தற்செயல்.

பொம்மைகள்

கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் நடைபாதைக் கடைகள் நிறைந்துவிடும். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை அருகே விளாச்சேரி ஆகிய ஊர்களின் களிமண், காகிதக்கூழ்ப் பொம்மைகள் இங்கே குவிகின்றன. படத்துக்கு ஏற்றது களிமண்ணே. இரண்டு அச்சுகள் சேர்ந்த தழும்பு காதுக்குப் பின்னால் மெல்லிய வரப்பாக ஓடுவதும், புருவத்தை ஒரே இழுப்பில் தீட்டிய தூரிகை முடிவில் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் லென்ஸில் தெளிவாகத் தெரியும். காகிதக்கூழ்ப் பொம்மை தூக்க எளிது, உடையாது. ஆனால் முகம் மழுங்கல். மரப்பாச்சி மரபாகச் செம்மரத்தில் செய்வது. அதன் மர இழைகளே நல்ல படம். சன்னபட்டணம் பொம்மைகளின் அரக்குப் பூச்சில் ஜன்னல் முழுதும் பிரதிபலிக்கும்.

முறை

முதல் வேலை தூசி தட்டுவது. ஆண்டு முழுதும் பரணில் பழைய வேட்டித் துணிக்குள் கிடந்த பொம்மையில் ஒட்டிய நூலிழை, படத்தில் கயிறுபோலப் பெரிதாகத் தெரியும். உலர்ந்த மென்தூரிகை போதும். ஈரத்துணி பட்டால் பழைய வண்ணம் கையோடு வந்துவிடும்.

அடுத்த சிக்கல் குவிய ஆழம். கால் அளவுப் படத்தில் எஃப்/8 துளையில் ஏறத்தாழ 1 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். 1:1இல் அதே துளையில் 1 மி.மீ. மட்டுமே. மூக்கு நுனி தெளிந்தால் கண் மங்கும். துளையை எஃப்/22 வரை சுருக்கினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து படம் முழுதும் மந்தமாகும். ஆகவே முக்காலியில் கேமராவை நிறுத்தி, குவியத்தை இம்மியளவு நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்கிச் சேர்ப்பதே சரியான வழி. எதுவும் அசையாதிருக்க மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். 1:1 நெருக்கத்தில் சென்சாரை அடையும் ஒளி கால்பங்காகக் குறையும். ஷட்டர் நேரம் அதற்கேற்ப நீளும்.

ஒளிக்கு ஜன்னல் போதும். எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டை. படிகளில் தொங்கும் சீரியல் பல்புகள் படத்துக்குப் பகை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் வேகமான ஷட்டரில் பட்டை விழும். 1/50 நொடியில் அது மறையும். குத்துவிளக்குச் சுடரின் மஞ்சளும் எல்இடியின் நீலமும் ஒரே முகத்தில் கலந்தால் நிறத்தைத் திருத்துவது கடினம்.

தனி மேக்ரோ லென்ஸ் வாங்க இயலாதோர் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே நீட்டுக்குழாய் பொருத்துகிறார்கள், அல்லது பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டுகிறார்கள்.

இக்காலம்

2021இல் வந்த ஐபோன் 13 புரோ 2 செ.மீ. நெருக்கத்தில் குவிக்கும். இன்று பலர் கைப்பேசியிலேயே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றனர்.