நவம்பருக்கு முன்னாடியே முடிந்துபோன தேர்தல்

அமெரிக்காவில் பிரைமரி யாருக்குத் திறந்திருக்கணும்? கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமா, எல்லா வாக்காளர்களுக்குமா? இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. பிரைமரி என்பது, கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முன்கூட்டி ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. கேட்டால் ஏதோ விதிமுறைத் தகராறு மாதிரி இருக்கும். டெக்சாஸ் வரலாற்றைப் படித்தால் அப்படித் தோணாது.

1874 தொடங்கி 1979 வரை டெக்சாஸ் ஆளுநர்கள் அத்தனை பேரும் டெமாக்ரட்டிக் கட்சிக்காரர்கள். அந்தக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தாலே பதவி கிடைத்த மாதிரிதான். நவம்பர் தேர்தல் சடங்கு. நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870லேயே 15ஆவது திருத்தம் வந்துவிட்டது. அதனால் 1923ல் டெக்சாஸ் வேறு வாசலை அடைத்தது: டெமாக்ரட்டிக் பிரைமரியில் கறுப்பர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று சட்டம்.

எல் பாசோ மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட்டார். 1927ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. உடனே மாநில அரசு, யாரைச் சேர்ப்பது என்று கட்சியின் நிர்வாகக் குழுவே முடிவு செய்யட்டும் என்றது. நிக்சன் மறுபடியும் நீதிமன்றம் போய் 1932ல் 5-4 கணக்கில் ஜெயித்தார். அடுத்து, கட்சி மாநாடே தடைத் தீர்மானம் போட்டது. கட்சி தன் விருப்பப்படி சேர்ந்த அமைப்பு, உறுப்பினர் யார் என்பது அதன் இஷ்டம் என்று 1935ல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

ஹூஸ்டன் பல் மருத்துவர் லானி ஸ்மித்தின் வழக்கில்தான் இது மாறியது. தர்குட் மார்ஷல் வாதாடினார். 1944ல் 8-1 தீர்ப்பு: மாநிலச் சட்டத்தின்படி நடக்கும் பிரைமரி, தேர்தலின் ஒரு பகுதியே, அதில் நிறத்தைப் பார்க்கக் கூடாது.

ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் அதற்குப் பிறகும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜேபேர்ட் சங்கம் என்ற வெள்ளையர் அமைப்பு, பிரைமரிக்கும் முன்னால் தனியாக ஓட்டெடுப்பு நடத்தும். அதில் ஜெயித்தவரே பெரும்பாலும் எதிர்ப்பில்லாமல் பதவிக்கு வருவார். 1953ல் அதற்கும் நீதிமன்றம் தடை போட்டது.

கட்சிகளின் வாதத்தையும் லேசில் தள்ள முடியாது. எந்தக் கட்சியின் பிரைமரியிலும் யாரும் ஓட்டுப் போடலாம் என்ற கலிஃபோர்னியா முறையை, கட்சிகளின் கூடும் உரிமையைக் காரணம் காட்டி 2000ல் இதே நீதிமன்றம்தான் ரத்து செய்தது. ஆனால் ஒரே கட்சி ஜெயிக்கும் ஊரில் பிரைமரியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவருக்கு, நவம்பரில் சீட்டு மட்டும்தான் கையில் இருக்கும். தேர்வு ஏற்கெனவே முடிந்திருக்கும்.