ஒரு குறிப்பானின் வரலாறு: டெலோமியரேசும் தைராய்டுக் கட்டியும்

கழுத்தில் தோன்றும் சிறு கட்டி தீங்கற்றதா, புற்றுநோயா என்னும் வினா மருத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. நுண்ணிய ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் காணும் முறை 1950களில் சுவீடனில் வளர்ந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. பாப்பிலரி வகைப் புற்றுநோயை உயிரணுக்களின் உட்கருவைக் கண்டே பெரும்பாலும் இனங்கண்டுவிடலாம். இடர்ப்பாடு ஃபாலிகுலர் வகையில்தான். அங்கே தீங்கற்ற கட்டியின் உயிரணுவும் புற்றுக் கட்டியின் உயிரணுவும் உருவத்தில் ஒன்றே. கட்டி தன்னைச் சூழ்ந்த உறையைத் துளைத்துள்ளதா, குருதிக் குழாய்க்குள் புகுந்துள்ளதா என்பதே இரண்டையும் பிரிக்கும் வேறுபாடு. உறையோ ஊசியில் வருவதில்லை. ஆகவே ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே சுரப்பியின் ஒரு பாதியை அறுத்தெடுக்க நேர்கிறது. அவ்வாறு அறுவைக்கு உட்பட்டோருள் பெரும்பாலோர்க்குக் கட்டி தீங்கற்றது என்று பின்னரே தெரியவருகிறது. தேவையற்ற இந்தத் தழும்பைத் தவிர்க்க ஒரு குறிப்பான் வேண்டும் என்னும் தேடலே நம் பொருள்.

தேடலின் வேர் தைராய்டில் இல்லை. பழ ஈயிலும் மக்காச்சோளத்திலும் இருக்கிறது. ஈக்களின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிய ஹெர்மன் முல்லர், குரோமோசோமின் நுனிகள் மற்றப் பகுதிகளைப்போல் உடைந்து ஒட்டுவதில்லை என்று கண்டார். கிரேக்கத்தில் முடிவு என்றும் பகுதி என்றும் பொருள்படும் இரு சொற்களை இணைத்து, 1938இல் அந்நுனிக்கு ‘டெலோமியர்’ என்று பெயரிட்டார். மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக், உடைந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் இயல்பான நுனிகள் அவ்வாறு ஒட்டாமையையும் காட்டினார்.

1961இல் லியோனார்டு ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று அறிவித்தனர். ஏன் நிறுத்துகின்றன? ஒவ்வொரு படியெடுப்பிலும் நுனியில் சிறு துண்டு விடுபடுகிறது. தேய்வுக்கு ஓர் எல்லை உண்டு என்றார் அலெக்சி ஒலோவ்னிக்கோவ். இக்கருத்தை மாஸ்கோவின் சுரங்க இரயில் நிலையத்தில் நின்றபோது எண்ணியதாக அவரே சொல்லியிருக்கிறார். தேய்வு உண்டெனில் அதை ஈடுசெய்யும் ஏதோ ஒன்றும் இருத்தல் வேண்டும். இல்லையேல் தலைமுறைகள் தொடரா. 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, எலிசபெத் பிளாக்பர்னின் மாணவியான கேரல் கிரைடர், குளத்தில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஒற்றையணு உயிரியில் அந்த நொதியின் தடயத்தைக் கண்டார். இவ்விருவரும் ஜாக் சோஸ்டாக்கும் 2009இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இந்நொதியே டெலோமியரேஸ். நம் உடலின் பெரும்பாலான திசுக்களில் இது அடங்கிக் கிடக்கிறது. இனப்பெருக்க உயிரணுக்களிலும் தண்டு உயிரணுக்களிலும் விழித்திருக்கிறது. 1994இல் மிக நுண்ணிய அளவிலும் இதைக் கண்டறியும் சோதனை ஒன்று வெளியாயிற்று. பன்னிரண்டு வகைக் கட்டிகளிலிருந்து எடுத்த 101 மாதிரிகளில் 90இல் நொதி இயங்கியது. இயல்பான திசு மாதிரிகள் 50இல் ஒன்றிலும் இல்லை. இவ்வளவு தெளிவான பிரிவினை அரிது. 1997இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று அச்சோதனையை ஃபாலிகுலர் கட்டிகளுக்குப் பொருத்தியது. புற்றுக் கட்டிகளில் நொதி இயங்கக் கண்டனர். தீங்கற்றவற்றுள் பெரும்பாலானவற்றில் காணவில்லை. விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

கிடைக்கவில்லை. தைராய்டு அழற்சியில் சுரப்பிக்குள் குவியும் நிணநீர் அணுக்களிலும் இந்நொதி இயங்குகிறது. புற்றே இல்லாத இடத்திலும் சோதனை ‘உண்டு’ என்றது. மறுபுறம், பாப்பிலரி புற்றுநோய்களுள் பலவற்றில் நொதி இயங்கவில்லை. இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. ‘தலை’, ‘மலை’ என்பன ஐகாரத்தில் முடிகின்றன. அவ்வொலியைக் கொண்டே இரண்டாம் வேற்றுமை என்று யாரும் கொள்வதில்லை. ‘மரம் வெட்டினான்’ என்பதில் ஐ உருபு இல்லை; செயப்படுபொருள் இருக்கிறது. உருபைத் தனியே பிரித்து வைத்துப் பொருள் காண முயன்ற மாணவரின் பிழையையே ஆய்வுக்கூடமும் செய்தது என்பது என் கருத்து. போதாக்குறைக்கு, இந்நொதி எளிதில் சிதைவது. மாதிரியை உடனே உறையவைக்காவிட்டால் உள்ளதும் இல்லை என்றாகும்.

2013இல் வழி திரும்பியது. நொதியின் இயக்கத்தை அளப்பதற்கு மாறாக, அதன் மரபணுவை இயக்கும் முன்பகுதியில் இரு குறிப்பிட்ட எழுத்து மாற்றங்களைத் தேடத் தொடங்கினர். முதலில் மெலனோமா என்னும் தோல் புற்றில் கண்ட அம்மாற்றங்கள், அதே ஆண்டில் தைராய்டுப் புற்றிலும் புலப்பட்டன. டி.என்.ஏ. எளிதில் சிதையாது; ஊசியில் வந்த சிறு மாதிரியே போதும். ஆயினும் இவை பெரும்பாலும் முதியோரிடமும், வேறுபாடு குன்றிய கடுமையான வகைகளிலுமே மிகுதி. சாதாரண வகைகளுள் சிறு பங்கில்தான் காணப்படுகின்றன. மாற்றம் இல்லை என்பதால் புற்றுநோய் இல்லை என்று சொல்ல இயலாது. ‘இது புற்றுநோயா?’ என்று கேட்கப் பிறந்த குறிப்பான், இப்போது ‘இப்புற்றுநோய் எவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளும்?’ என்னும் வேறொரு வினாவுக்கே பெரிதும் விடை தருகிறது. முதல் வினாவுக்கு, இன்றும் ஃபாலிகுலர் கட்டியை அறுத்தெடுத்த பின்னர் நோயியல் வல்லுநர் அதன் உறையைத் துண்டு துண்டாக நுண்ணோக்கியின்கீழ் வைத்துத் துளை தேடிக்கொண்டிருக்கிறார்.